பொதுக் கிணறாக ஒரு கர்னல்

ஒரே மெயின்ஃப்ரேமில் இருநூறு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இருநூறிலும் ஒரே பதிப்புக் கர்னல். எழுத்துக்கு எழுத்து ஒன்றேயான நிரல், இருநூறு இடங்களில் நினைவகத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கணினி நிர்வாகம் தெரிந்த யாருக்கும் இதைப் பார்த்தால் கை பரபரக்கும். ஒரு நகலை மட்டும் வைத்துக்கொண்டு மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் தூக்கிவிட்டால் என்ன? ஒண்டுக்குடித்தனத்தில் வீட்டுக்கொரு கிணறா வெட்டுகிறார்கள்? முற்றத்தில் ஒன்று போதுமே.

ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் இசட்/விஎம்மில் அதற்கு வழி உண்டு. பெயரிட்டுச் சேமித்த அமைப்பு என்று சொல்லலாம். நிர்வாகிகள் வாயில் அது என்எஸ்எஸ். லினக்ஸ் கர்னலும் பத்தாண்டுக்கு மேல் அதற்கு இடம் கொடுத்திருந்தது. 2017இன் பிற்பகுதியில் அந்த நிரல் பகுதியை லினக்ஸிலிருந்து அதன் பராமரிப்பாளர்களே வெட்டி எடுத்தார்கள். பெரிதாக யாரும் அழவில்லை. யோசனை மோசமானதா, அல்லது நல்ல யோசனை தவறான இடத்தில் வந்து உட்கார்ந்ததா என்பதுதான் எனக்குக் கேள்வி.

முதலில் அது எங்கே சரியாக இருந்தது என்று பார்க்க வேண்டும்.

மெய்நிகர் இயந்திரம் என்ற கருத்து உருவானது 1960களின் நடுவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் நடத்திய அறிவியல் மையத்தில். ராபர்ட் க்ரீஸியும் லெஸ் கோமோவும் முன்னின்று செய்த வேலை. அவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். சிபி என்ற கட்டுப்பாட்டு நிரல், ஒரு நிஜ இயந்திரத்தைப் பல பொய் இயந்திரங்களாகக் காட்டும். ஒவ்வொரு பொய் இயந்திரத்துக்குள்ளும் சிஎம்எஸ் என்ற சிறிய இயங்குதளம் ஓடும். அதற்கு ஒரே ஒரு பயனர். இந்த ஜோடிதான் 1972 ஆகஸ்டில், இன்றைய இசட்/விஎம்மின் மூதாதையான விஎம்/370 என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

அந்தக் காலத்து நினைவகக் கணக்கு நம்மைத் திடுக்கிட வைக்கும். எஸ்/370 வரிசையில் 145 என்ற மாடல் 1970இல் அறிவிக்கப்பட்டபோது அதன் உச்சபட்ச நினைவகம் 512 கிலோபைட். விஎம்/370இல் சிஎம்எஸ்ஸின் மையப் பகுதி பதினாறு பக்கங்கள் கொண்ட ஒரு துண்டு, அதாவது 64 கிலோபைட். எட்டுப் பேர் உள்ளே நுழைந்து ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டால் 512 கிலோபைட்டும் காலி. சிபிக்கே இடம் இருக்காது. அங்கே பகிர்வு சிக்கனம் இல்லை, பிழைப்பு. பகிர்ந்தால்தான் ஒன்பதாவது ஆள் உட்கார முடியும்.

பகிரப்படும் பொருளும் அதற்கேற்ற குணத்தோடு இருந்தது. சிஎம்எஸ்ஸின் அந்தத் துண்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளாத நிரல். ஒவ்வொரு பயனருக்கும் மாறும் விவரங்கள் வேறு பக்கங்களில் இருந்தன. பயனர் செய்ய வேண்டியது "ஐபிஎல் சிஎம்எஸ்" என்று அடிப்பது மட்டும். ஐபிஎல் என்றால் மெயின்ஃப்ரேம் வழக்கில் இயங்குதளத்தை எழுப்புவது. வட்டிலிருந்து எதையும் படிக்காமல், ஏற்கெனவே சேமித்து வைத்த நினைவகப் படம் அவருடைய முகவரி வெளியில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

யாராவது பொதுக் கிணற்றில் குப்பையைப் போட்டால்? இதை அவர்கள் கையாண்ட விதம் எனக்குப் பிடிக்கும். அடுத்த பயனருக்கு முறை கொடுக்கும் முன், பகிர்ந்த பக்கங்களில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று சிபி பார்க்கும். மாறியிருந்தால், மாற்றிய ஆளுக்கு அந்தக் கறைபட்ட நகலைத் தனியாகக் கொடுத்து ஒதுக்கிவிட்டு, மற்றவர்களுக்குச் சுத்தமானதை வைக்கும். முரட்டு வேலைதான், ஆனால் வேலை நடந்தது. பின்னாளில் எழுத்துத் தடையை வன்பொருளே பார்த்துக்கொண்டது.

ஆக, இந்தப் பகிர்வு வெற்றி பெற இரண்டு நிபந்தனைகள் கூடிவந்தன. பகிரும் பொருள், மொத்த இடத்தோடு ஒப்பிட்டால் பெரிது. அது அசையாமல் கிடக்கும். லினக்ஸை இந்த இரண்டிலும் நிறுத்திப் பார்க்கிறேன்.

1999 டிசம்பரில் ஐபிஎம் தன் மெயின்ஃப்ரேமுக்கான லினக்ஸ் திருத்தங்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டே டேவிட் பாய்ஸ் என்ற பொறியாளர் ஒரே எஸ்/390இல் விஎம்மின் மீது 41,400 லினக்ஸ்களை எழுப்பிக் காட்டினார். அந்த எண் துறை முழுக்கச் சுற்றியது. இத்தனை ஆயிரம் லினக்ஸ் ஒரே பெட்டியில் என்றால், இத்தனை ஆயிரம் கர்னல் நகல் எதற்கு என்ற கேள்வி தானாக வரும். சிஎம்எஸ்ஸுக்கு முப்பதாண்டு உழைத்த கருவி கையருகில் கிடக்கிறது. எடுத்து மாட்டிவிட்டார்கள்.

மாட்டிய விதம் இது. லினக்ஸ் கர்னலில் நிரல் ஒரு பக்கம், மாறும் தரவு ஒரு பக்கம். டெஃப்சிஸ் என்ற சிபி ஆணையில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை எல்லாருக்கும் பொது, படிக்க மட்டும், எந்தப் பக்கங்கள் ஆளுக்கொன்று, எழுதவும் செய்யலாம் என்று வரையறுக்க வேண்டும். பிறகு சேவ்சிஸ் என்ற ஆணை அந்த நிமிடத்து நினைவகத்தைப் படமெடுத்துச் சிபியின் ஸ்பூல் வெளியில் போட்டுவிடும். சிறிது காலத்தில் இந்த இரண்டையும் கையால் செய்யத் தேவையில்லாமல், கர்னல் அளவுருவாக ஒரு பெயரைக் கொடுத்தால் லினக்ஸே தன்னைச் சேமித்துக்கொள்ளும் வசதியும் வந்தது. அதன்பின் மற்ற இயந்திரங்கள் வட்டு எண்ணுக்குப் பதிலாக அந்தப் பெயரைச் சொல்லி ஐபிஎல் செய்யலாம்.

பகிர்வின் அலகு இப்போது ஒரு மெகாபைட் துண்டு. எனவே பொது நிரல் எங்கே முடிந்தாலும் தரவு அடுத்த மெகாபைட் எல்லையில்தான் தொடங்க முடியும். இடையில் இருப்பது வெற்றிடம். இந்த வசதியை இயக்கும் கர்னல் விருப்பத்தின் உதவிக்குறிப்பே நேர்மையாகப் பேசியது. கர்னலின் பருமன் வெகுவாகக் கூடும், பகிர்ந்த துண்டிலிருந்து எழுந்த கர்னலில், ஓடும் கர்னலிலிருந்தே இன்னொன்றுக்குத் தாவும் கெக்செக் வேலை செய்யாது, செய்வது என்னவென்று தெரிந்தவர்கள் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். நினைவகத்தை மிச்சப்படுத்த வந்த வசதி, பருமன் கூடும் என்ற எச்சரிக்கையோடு வருகிறது. எனக்கு முதல் சந்தேகம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

கணக்குப் போடுவோம். கர்னலின் நிரல் பகுதி 4 மெகாபைட் என்று எடுத்துக்கொள்கிறேன், கணக்குக்கான எண்தான். இருநூறு இயந்திரங்களில் மிச்சம் 199 பெருக்கல் 4, சுமார் 800 மெகாபைட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இயந்திரத்துக்கு ஒரு ஜிகாபைட் கொடுத்திருந்தால் மொத்தம் 200 ஜிகாபைட். மிச்சம் நூற்றுக்கு அரை பங்கு கூட இல்லை. அதுவும் காகிதத்தில்தான். தொடாத பக்கங்களைச் சிபி தானாகவே வெளியே தள்ளிவிடும். எழும்போது மட்டும் தேவைப்படும் நிரலை லினக்ஸே விடுவித்துவிடும். நான்கு மெகாபைட்டும் எப்போதும் நினைவகத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல முடியாது. உண்மை மிச்சம் இன்னும் கீழே.

2000இல் நிலைமை சற்று வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இயந்திரத்துக்கு 64 மெகாபைட், கர்னல் நிரல் 2 மெகாபைட் என்றால் நூற்றுக்கு மூன்று. மெயின்ஃப்ரேம் நினைவகம் அன்று சாதாரண சர்வர் நினைவகத்தைப் போல மலிவாகக் கிடைக்கவில்லை. பாய்ஸ் செய்ததைப் போலச் சும்மா நிற்கும் இயந்திரங்களை ஆயிரக்கணக்கில் அடுக்குபவருக்கு அந்த மூன்று பெரிது. ஆனால் சும்மா நிற்கும் லினக்ஸுக்காக யாரும் மெயின்ஃப்ரேம் வாங்குவதில்லை. வேலை செய்யும் லினக்ஸ் நினைவகத்தை எதில் செலவழிக்கிறது? தரவுத்தளத்தில், ஜாவாவின் குவியலில், எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத் தேக்கத்தில். காலியாக இருக்கும் நினைவகம் வீண் என்று நினைக்கும் பிறவி லினக்ஸ். கொடுத்ததை எல்லாம் கோப்புகளின் நகலால் நிரப்பி வைத்துக்கொள்ளும். தனிக் கணினியில் அது புத்திசாலித்தனம், இருநூறு பேர் பங்கு போடும் பெட்டியில் பேராசை. அதனால்தான் இசட்/விஎம் நிர்வாகிகளிடையே ஒரு பழைய அறிவுரை உண்டு: லினக்ஸ் லேசாக ஸ்வாப் செய்யத் தொடங்கும்வரை அதன் நினைவகத்தைக் குறைத்துக்கொண்டே வா, ஸ்வாப்பை மெய்நிகர் வட்டில் வை. பயனர் கோப்பகத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, இயந்திரத்துக்கு 50 மெகாபைட்டைச் சுருக்கினால் இருநூறுக்கும் சேர்த்து 10 ஜிகாபைட். கர்னலைப் பகிர்ந்து வருவதை விடப் பன்னிரண்டு மடங்கு, ஒரு பெயரையும் எங்கும் சேமிக்காமல்.

முதல் நிபந்தனையில் லினக்ஸ் தேறவில்லை. ஆனால் நினைவகம் ஒன்றையே வைத்து இந்த வசதியைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. அதன் பக்கம் நின்று வாதாடினால் சொல்ல மூன்று விஷயம் இருக்கிறது.

வேகமாக எழும், கர்னலை வட்டிலிருந்து ஏற்றும் வேலை இல்லை. எல்லாரும் ஒரே பௌதிகப் பக்கத்திலிருந்து நிரலை ஓட்டுவதால், ஓர் இயந்திரம் ஓடி முடித்து அடுத்தது அதே செயலிக்கு வரும்போது கர்னலின் சூடான வரிகள் தற்காலிகத் தேக்கத்தில் தயாராக இருக்க வாய்ப்பு உண்டு. மூன்றாவதுதான் எனக்கு உண்மையில் கனமானதாகப் படுகிறது: எந்தக் கர்னல் ஓட வேண்டும் என்பதை இயந்திரத்துக்குள் இருக்கும் நிர்வாகி தீர்மானிப்பதில்லை, வெளியே இருப்பவர் தீர்மானிக்கிறார். உள்ளே ரூட் அதிகாரம் பிடித்த திருடனால்கூட அந்தப் பொதுப் பக்கங்களில் ஒரு பைட் எழுத முடியாது. அவன் வேறு வழி தேடுவான் என்பது வேறு கதை. இயந்திரங்கள் எல்லாமே ஒரே அச்சு, ரூட் கோப்பு முறைமையும் படிக்க மட்டுமான பொது வட்டில், எதுவும் உள்ளே தங்குவதில்லை என்று ஒரு பண்ணையைக் கட்டினால் என்எஸ்எஸ் அதில் பாந்தமாகப் பொருந்தும். ஒரு நிறுவனம் முழு மனதோடு அந்த ஒழுங்குக்குத் தன்னைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் நடப்பது அரைகுறைப் பகிர்வு. அங்கே தலைவலி தொடங்குகிறது.

கர்னலில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. நிர்வாகி ஓர் இயந்திரத்துக்குள் நுழைந்து வழக்கமான புதுப்பிப்பு ஆணையைக் கொடுக்கிறார். புதிய கர்னல் வட்டில் இறங்குகிறது, சிப்ல் என்ற கருவி ஓடித் துவக்கப் பதிவை மாற்றி எழுதுகிறது, எல்லாம் சுபம் என்கிறது திரை. மறுதுவக்கம். பதிப்பு எண்ணைக் கேட்டால் பழையதே வருகிறது. ஏனென்றால் இந்த இயந்திரம் வட்டிலிருந்து எழவே இல்லை. கோப்பகத்தில் இருக்கும் அந்தப் பெயரிலிருந்து எழுந்தது. இதோடு போனால் பரவாயில்லை. புதுப்பிப்பு பழைய கர்னலுக்குரிய மாட்யூல்களைத் துப்புரவாக நீக்கியிருந்தால்? பழைய கர்னல் தன் பதிப்பு எண்ணுள்ள அடைவைத் தேடுகிறது, இல்லை. மெயின்ஃப்ரேமின் வலையட்டையை இயக்கும் க்யூஇடிஹெச் பொதுவாக மாட்யூலாகத்தான் இருக்கும். அது ஏறவில்லை என்றால் வலை இல்லை. எஸ்எஸ்ஹெச் இல்லை. மெயின்ஃப்ரேமின் பழைய 3270 முனையத் திரையின் முன் உட்கார்ந்து, வரி வரியாக அடித்துத் தன் இயந்திரத்தை மீட்க வேண்டும். லினக்ஸ் மட்டும் படித்துவிட்டு வந்த இளைஞருக்கு அந்தத் திரை வேற்றுக்கிரகம்.

சரி, முறைப்படியே செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே பெயரில் புதிய படத்தைச் சேமிக்கிறார். பழைய படம் உடனே மறையாது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கடைசி இயந்திரம் விடும்வரை, நீக்கத்துக்குக் காத்திருப்பதாக ஸ்பூலில் கிடக்கும். நூற்றைம்பது இயந்திரங்கள் மறுதுவங்கிவிட்டன, ஐம்பது "மாதக் கடைசி முடியட்டும்" என்று தள்ளிப்போடுகின்றன. இப்போது நினைவகத்தில் இரண்டு பொதுக் கிணறு. சிஎம்எஸ்ஸுக்கு இந்தத் தொல்லை அரிது; அதன் மையம் அடிக்கடி மாறியதில்லை, அது மாற்றப்படுவதும் சிபியைப் பார்த்துக்கொள்ளும் அதே கைகளால். லினக்ஸ் கர்னலின் திருத்தங்கள் வெளியிலிருந்து, ஓயாமல் வருகின்றன.

இவ்வளவும் நிர்வாகச் சங்கடம். ஒழுங்கால் சமாளிக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்கமாட்டேன். மறுக்க முடியாத காரணம் வேறு, அது இரண்டாவது நிபந்தனையில் இருக்கிறது.

நிரல் மாறாது, தரவு மாறும் என்ற பிரிவினை லினக்ஸுக்குள்ளேயே கரைந்துவிட்டது. தடம் பார்க்கும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது அணைந்திருக்கும்போது ஒரு நொடிக் கூலிகூடக் கேட்கக் கூடாது என்பதற்காக, அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத கட்டளை ஒன்றை வைத்திருப்பார்கள். இயக்கியதும், ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் தன் நிரலுக்குள் அந்தக் கட்டளையின் மீதே தாவல் கட்டளையை எழுதிக்கொள்ளும். ஜம்ப் லேபிள் என்பது இந்த உத்தி. எஃப்ட்ரேஸும் இதே கூட்டம். இயந்திரத்தை நிறுத்தாமல் ஒட்டுப்போடும் நேரடித் திருத்தம் எஃப்ட்ரேஸின் தோளில் நிற்கிறது. செயலிக்கேற்ற மாற்றுக் கட்டளைகள் என்று இன்னொன்று: கர்னல் எழும்போது எந்தச் செயலி என்று பார்த்து, நிரலில் குறித்த இடங்களில் பொருத்தமான கட்டளைகளை எழுதிக்கொள்ளும். எல்லாமே கர்னல் தன் உடம்பில் தானே கத்தி வைக்கும் வேலைகள். பகிர்ந்த, படிக்க மட்டுமான பக்கத்தில் அந்தக் கத்தி இறங்காது.

ஆகவே தேர்வு இப்படி வந்து நின்றது: ஒன்று நூற்றுக்கு அரை பங்கு நினைவகம், அல்லது தடம் பார்த்தல், நேரடித் திருத்தம், செயலிக்கேற்ற வேகம். 2017இல் நீக்கியவர்கள் குறிப்பில் எழுதிய காரணங்களும் பெரும்பாலும் இவைதான். கூடவே, மிச்சம் சொற்பம், பகிர்ந்த படத்தைப் புதுப்பிப்பது வேதனை என்றும் சேர்த்திருந்தார்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பில் மெயின்ஃப்ரேம் லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு முறை எழும்போதும் வெவ்வேறு முகவரியில் போய் உட்காரக் கற்றுக்கொண்டது, தாக்குபவன் இடத்தை ஊகிக்கக் கூடாது என்பதற்காக. எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே படத்தைக் காண வேண்டும் என்ற பகிர்வுக்கு அதற்கப்புறம் உட்கார இடமே இல்லை.

பகிர்வையே கைவிட்டார்களா என்றால், இல்லை. இசட்/விஎம்மில் தரவுக்கும் பயனர் நிரல்களுக்குமான பகிர்ந்த துண்டுகள் உண்டு. 2005இல் லினக்ஸின் இஎக்ஸ்டி2 கோப்பு முறைமை இருந்த இடத்திலிருந்தே ஓட்டும் வசதியைப் பெற்றது. பகிர்ந்த துண்டில் அதை வைத்தபோது சி நூலகமும் ஜாவாவும் பக்கத் தேக்கத்தில் நகலாகாமல் நேராக அங்கிருந்தே ஓடின. கர்னலின் நான்கு மெகாபைட்டுக்கு எதிராக இங்கே பகிர நூற்றுக்கணக்கான மெகாபைட் இருந்தது, அந்தக் கோப்புகள் தங்களைத் திருத்திக்கொள்வதும் இல்லை. இரண்டு நிபந்தனைக்கும் இது எவ்வளவோ நெருக்கம். புதுப்பிப்பின் வேதனை மட்டும் இங்கேயும் தொடர்ந்தது.

2006இல் மார்ட்டின் ஷ்விடெஃப்ஸ்கியும் சகாக்களும் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் முன்வைத்த வழி வேறு: லினக்ஸும் சிபியும் பேசிக்கொள்ளட்டும். இந்தப் பக்கம் எனக்குத் தேவையில்லை, இதைத் தூக்கிப் போட்டாலும் வட்டிலிருந்து எடுத்துக்கொள்வேன் என்று லினக்ஸ் குறித்துக் காட்டினால், சிபி வீணாக அவற்றை வெளியே எழுதிச் சுமக்க வேண்டாம். அந்த முழுத் திட்டம் லினக்ஸில் நிலைக்கவில்லை, சிக்கல் அதிகம். தேவையில்லாத பக்கத்தைச் சொல்லும் பகுதி தங்கியது. என் தராசில் இது கர்னல் பகிர்வை விடப் பெரிய யோசனை, ஏனென்றால் நினைவகம் உண்மையில் எங்கே வீணாகிறதோ அங்கே கைவைத்தது.

மெயின்ஃப்ரேமுக்கு வெளியே இருந்த உலகம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1997இல் ஸ்டான்ஃபோர்டின் டிஸ்கோ ஆய்வும், 2002இல் விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் எழுதிய கட்டுரையும் சொன்னது: எதையும் முன்கூட்டிப் பெயரிட வேண்டாம், ஒத்த பக்கங்களை மேற்பார்வை நிரலே கண்டுபிடித்து ஒன்றாக்கட்டும், யாராவது எழுத வந்தால் அப்போது பிரித்துக் கொடுக்கலாம். 2009இல் 2.6.32 பதிப்பில் லினக்ஸும் கேஎஸ்எம் என்ற பெயரில் இதைச் செய்தது. என்எஸ்எஸ் வேண்டிய ஒழுங்கு இதற்குத் தேவையில்லை. கர்னல் ஓர் இடத்தில் தன்னைத் திருத்திக்கொண்டால் அந்த ஒரு பக்கம் மட்டும் பிரியும். பொறியியலாகப் பார்த்தால் இது மேல். ஆனால் இதற்கும் விலை வந்தது. பகிர்ந்த பக்கத்தில் எழுத எடுக்கும் நேரத்தை அளந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம் என ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2014இல் விஎம்வேர், இயந்திரங்களுக்கு இடையிலான பகிர்வை இயல்பாகவே அணைத்து வைப்பதாக அறிவித்தது. சுவர் பொதுவானால் பேச்சும் கேட்கும்.

கன்டெய்னர்கள் வந்து கேள்வியையே மாற்றிப் போட்டன. அங்கே கர்னல் பகிர்வு ஒரு வசதி அல்ல, அடித்தளமே அதுதான்: ஒரே கர்னல், நிரலும் தரவும் சேர்த்து, எல்லாருக்கும். மெயின்ஃப்ரேமிலும் இப்போது அப்படி ஓடுகிறது. என்எஸ்எஸ் கொடுத்ததை விடப் பல மடங்கு மிச்சம், ஆனால் கர்னல் விழுந்தால் மேலே இருக்கும் அத்தனையும் விழும். மெய்நிகர் இயந்திரத்தின் மதில் வேண்டுபவர் கர்னலுக்கான இடத்தையும் சேர்த்தே வாங்குகிறார், அந்த விலை இன்று சல்லிக்காசு. இரண்டுக்கும் நடுவில், மதிலும் வேண்டும், கர்னலின் பாதியும் பொதுவாக வேண்டும் என்று நின்ற லினக்ஸ் என்எஸ்எஸ்ஸுக்கு நான் கொடுக்கும் தீர்ப்பு: 2000களின் தொடக்கத்தில் முயன்று பார்த்தது தகும், 2010க்குப் பிறகு வைத்திருந்தது பழக்கம், 2017இல் எடுத்தது தாமதமான சரி.

சிஎம்எஸ் இன்னும் அப்படியேதான் எழுகிறது. இசட்/விஎம்மில் பல நிறுவனங்களின் லினக்ஸ் இயந்திரங்கள் நேராக லினக்ஸாக எழுவதில்லை. முதலில் ஐபிஎல் சிஎம்எஸ். பகிர்ந்த படம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து ஒட்டுகிறது. ப்ரொஃபைல் எக்ஸெக் என்ற தொடக்க நிரல் ஓடி, ஸ்வாப்புக்கான மெய்நிகர் வட்டைத் தயார் செய்து, கடைசி வரியில் லினக்ஸின் வட்டு எண்ணைச் சொல்லி மறுபடி ஐபிஎல் கொடுக்கிறது. சில நொடிகள் எல்லாரும் ஒரே கிணற்றடியில் நிற்கிறார்கள். பிறகு லினக்ஸ் எழுந்து, அந்தப் பக்கங்களைக் கைவிட்டு, தன் சொந்தக் கர்னலோடு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது.